யூனியன் இல்லாதவருக்கும் ஒரு நாற்காலி

உங்கள் சம்பளச் சீட்டை எடுத்து மேசையில் விரித்து வைத்துப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம் ஒரு வரி. ஓ.டி., அதாவது கூடுதல் நேரக் கூலி, ஒரு வரி. அப்புறம் பிடித்தங்கள் வரும்: சேமநிதிக்கு ஈ.பி.எஃப்., சமூகப் பாதுகாப்புக்குச் சொக்சோ, அதற்கும் கீழே மூன்று வெள்ளி (ரிங்கிட்) சொச்சத்துக்கு, வேலை போனால் உதவும் ஈ.ஐ.எஸ். யூனியன் உள்ள இடமாக இருந்தால் சந்தா என்று இன்னும் ஒரு வரி இருக்கும். என்னிடம் வரும் சீட்டுகளில் பெரும்பாலும் அந்தச் சந்தா வரி இருப்பதில்லை.

நான் மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பிறையில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். அங்கே யூனியன் கிளைக் குழுவில் இருப்பதால், எங்கள் குடியிருப்பில் யாருக்காவது சம்பளத்தில் சந்தேகம் வந்தால் சீட்டைத் தூக்கிக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்துவிடுவார்கள். காவல் வேலை பார்ப்பவர்கள், லாரி ஓட்டுபவர்கள், பள்ளிக்கூடத்தில் கூட்டித் துடைக்கும் அக்காமார்கள், மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் பையன்கள். கணக்கைப் பார்த்து முடித்ததும் யாராவது கேட்டுவிடுவார்கள்: "ஏன் தம்பி, எம்.டி.யு.சி., எம்.டி.யு.சி.ன்னு சொல்றாங்களே, அது நமக்கு என்னதான் செய்யுது?"

நியாயமான கேள்விதான். எம்.டி.யு.சி., அதாவது பல சங்கங்களைச் சேர்த்த மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் என்ற பெயர் பேப்பரில் அடிக்கடி வரும். தலைவர் அறிக்கை விடுவார், அமைச்சர் பதில் சொல்வார். காவல் கூண்டில் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் அண்ணனுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? நான் பல காலம் யோசித்து வந்து நிற்கும் இடம் இதுதான்: யூனியன் உள்ளவரைவிட யூனியன் இல்லாதவருக்குத்தான் ஒரு தேசிய காங்கிரஸ் அதிகம் தேவை. நம் ஆட்களில் இத்தனை பேர் இன்றைக்கு யூனியன் இல்லாத வேலைகளில் இருப்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் தொழிற்சாலையையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்குக் கூட்டு ஒப்பந்தம் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை நிர்வாகத்தோடு உட்கார்ந்து பேசுகிறோம். சம்பள உயர்வு, போனஸ், ஷிஃப்ட் படி, மருத்துவச் செலவு எல்லாம் எழுத்தில் வந்து, தொழில்துறை நீதிமன்றத்தின் அங்கீகாரமும் பெற்றுவிடும். நிர்வாகம் மீறினால் ஒப்பந்தத்தைக் காட்டிக் கேட்போம். நாளைக்கே காங்கிரஸ் கலைந்துபோனாலும் எங்கள் கையில் அந்த ஒப்பந்தம் இருக்கும்.

காவல்கார அண்ணனுக்கு ஒப்பந்தம் கிடையாது. அவருக்கு இருப்பது சட்டம் மட்டும்தான். குறைந்தபட்ச சம்பளம் எவ்வளவு, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், உடம்புக்கு முடியாவிட்டால் எத்தனை நாள் லீவு, வேலையை விட்டு அனுப்பினால் என்ன கிடைக்கும் என்பதெல்லாம் சட்டம் போட்ட கோடு. அந்தக் கோட்டை எங்கே போடுவது என்று பேசும் இடங்களில் அரசாங்கம் ஒரு பக்கம் உட்காரும், முதலாளிகள் சம்மேளனம் ஒரு பக்கம் உட்காரும். மூன்றாவது பக்கத்து நாற்காலியில் உட்கார்வது காங்கிரஸ். அது காலியாக இருந்தால் அண்ணனுக்காகப் பேச அந்த அறையில் ஆளே இல்லை.

அந்த நாற்காலி ஒரே அறையில் மட்டும் இருப்பதில்லை. மனிதவள அமைச்சர் கூட்டும் தேசியத் தொழிலாளர் ஆலோசனை மன்றம், ஈ.பி.எஃப். வாரியம், சொக்சோ வாரியம், தொழில்துறை நீதிமன்றத்தில் தலைவருக்குப் பக்கத்தில் உட்காரும் தொழிலாளர் தரப்பு உறுப்பினர், வருடா வருடம் ஜூன் மாதம் ஜெனிவாவில் நடக்கும் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவன மாநாடு என்று பல இடங்களில் இருக்கிறது. ஜெனிவாவுக்கு ஒவ்வொரு நாடும் அரசாங்கத்துக்கு இரண்டு பேர், முதலாளிக்கு ஒருவர், தொழிலாளிக்கு ஒருவர் என்று நான்கு வாக்குகளோடு போகிறது. நம் நாட்டின் அந்த ஒரு தொழிலாளர் வாக்கு, கோடிக்கணக்கான உழைப்பாளிகளின் பெயரில் போடப்படுகிறது. போடுபவரைத் தேர்ந்தெடுப்பது என்னவோ சங்கத்தில் இருக்கும் கொஞ்சம் பேர்தான். நம் நாட்டில் நூறு தொழிலாளர்களில் ஆறேழு பேர்தான் ஏதாவது ஒரு சங்கத்தில் இருக்கிறார்கள்.

சரி, நாற்காலியில் உட்கார்ந்து என்ன வந்தது? சீட்டின் முதல் வரிக்கே போகலாம்.

எங்கள் கிளையில் ஓய்வு பெற்றுப்போன ஓர் அண்ணன், 2007இல் காங்கிரஸ் நாடு முழுக்க நடத்திய மறியலில் நின்றவர். அப்போது அட்டையில் எழுதிப் பிடித்த கோரிக்கை 900 வெள்ளி குறைந்தபட்ச சம்பளம், 300 வெள்ளி வாழ்க்கைச் செலவுப் படி. அந்த அண்ணனின் சம்பளம் அப்போதே 900ஐத் தாண்டியிருந்தது. "பிறகு எதுக்குண்ணே வெயில்ல நின்னீங்க?" என்று கேட்டேன். "எனக்கா நின்னேன்? பக்கத்து பேக்டரியில யூனியன் கிடையாது. அங்க ஐநூறு அறுநூறுன்னு வாங்குனா, அடுத்த ஒப்பந்தத்துல எங்க முதலாளி அதைக் காட்டியே எங்களை இறக்கிடுவான்" என்றார். அடித்தளம் தாழ்ந்திருந்தால் மேல்மாடியும் தாழும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

தேசியச் சம்பள ஆலோசனை மன்றச் சட்டம் 2011இல் வந்தது. அதன்படி முதல் குறைந்தபட்ச சம்பளம் 2013 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது தீபகற்பத்தில் 900 வெள்ளி, சபா, சரவாக், லாபுவானில் 800. அட்டையில் எழுதிய அதே 900தான். ஆனால் அதற்குள் அரிசி விலையும் வீட்டு வாடகையும் எங்கேயோ போயிருந்தன, அந்த 300 வெள்ளிப் படியும் வரவில்லை. பிறகு 2016இல் தீபகற்பத்தில் 1,000, 2019இல் நாடு முழுக்க 1,100, 2022 மே மாதம் 1,500, 2025 பிப்ரவரியில் 1,700. ஐந்து பேருக்குக் குறைவாக வேலை செய்யும் சின்ன இடங்களுக்கு 1,700 வந்தது 2025 ஆகஸ்டில். முதலாளிகள் தரப்பு பெரும்பாலும் இப்போது வேண்டாம், தள்ளிவையுங்கள் என்றுதான் கேட்டது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது மறு ஆய்வு செய்தாக வேண்டும் என்று சட்டத்தில் இருப்பதால்தான் இந்த எண் நகர்கிறது. அந்த மன்றத்தில் அரசாங்க அதிகாரிகள், முதலாளி தரப்பு, மற்றவர்கள் என்று இருப்பதுபோல் தொழிலாளர் தரப்புக்கும் குறைந்தது ஐந்து இடம் உண்டு.

அந்த 1,700ஐ வைத்து இன்னொரு கணக்கையும் பாருங்கள், என்னிடம் வருபவர்கள் அடிக்கடி கேட்பது இதுதான். மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி 65 வெள்ளி 38 காசு. அதை எட்டு மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 8.17. சாதாரண நாளில் ஓ.டி.க்கு ஒன்றரை மடங்கு, அதாவது மணிக்கு 12 வெள்ளி 26 காசு. பன்னிரண்டு மணி நேரக் காவல் வேலையில் இந்தப் பன்னிரண்டு வெள்ளி சரியாக விழுகிறதா என்று பாருங்கள். 2023 ஜனவரிக்கு முன்னால் வாரத்துக்கு 48 மணி நேரம் தாண்டினால்தான் ஓ.டி. அதன் பிறகு 45 மணி நேரம். மூன்று மணி நேரம் குறைந்தது சின்ன விஷயம் இல்லை. வேலைச் சட்டத்தில் வந்த அதே திருத்தத்தில்தான் பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளானது, அப்பாவுக்கும் 7 நாள் கிடைத்தது.

சீட்டில் கடைசியில் இருக்கும் ஈ.ஐ.எஸ். வரியை யாரும் கவனிப்பதில்லை. 1997, 98 பொருளாதார நெருக்கடியில் ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். வேலை போனவருக்கு ஒரு நிதி வேண்டும் என்று காங்கிரஸ் அப்போதிருந்தே கேட்டு வந்தது. சட்டம் வந்தது 2017இல்! இருபது வருடம் ஆகியிருக்கிறது. முதலில் பேசப்பட்ட விகிதம் முதலாளி எதிர்ப்பால் குறைந்து, தொழிலாளி பங்கு 0.2 விழுக்காடு, முதலாளி பங்கு 0.2 விழுக்காடு என்று நின்றது. வேலை போனால் முதல் மாதம் பழைய சம்பளத்தில் 80 விழுக்காடு, பிறகு குறைந்துகொண்டே போய் ஆறு மாதம் வரை கிடைக்கும் என்ற ஏற்பாடு. கோவிட் காலத்தில் எங்கள் குடியிருப்பில் ஹோட்டல் வேலை இழந்த குடும்பங்கள் இந்தப் பணத்தில்தான் அடுப்பு மூட்டின. ஹோட்டலில் யூனியன் இருந்ததா இல்லையா என்று அந்தப் பணம் பார்க்கவில்லை.

இவையெல்லாம் காங்கிரஸ் மட்டும் தனியாக நின்று வாங்கித் தந்தவை என்று நான் சொல்லவில்லை. கட்சிகள், பொது இயக்கங்கள், தோட்டப்புறத்தில் வேலை செய்த தோழர்கள், சில நல்ல அதிகாரிகள் எல்லாருக்கும் பங்கு உண்டு. ஆனால் இருபது வருடம் ஒரே கோரிக்கையை விடாமல் ஒவ்வொரு கூட்டத்துக்கும் எடுத்துப் போக ஒரு நிரந்தர அமைப்பு வேண்டும். தனித்தனிச் சங்கங்களுக்குத் தங்கள் ஒப்பந்தத்தைப் பார்க்கவே நேரம் போதாது.

இவ்வளவு இருந்தும் அது ஏன் இத்தனை பலவீனமாகத் தெரிகிறது? அதற்குப் பதில் 1948இல் இருக்கிறது.

யுத்தம் முடிந்ததும் மலாயாவில் தொழிற்சங்கங்கள் பெரிய வேகத்தில் எழுந்தன. தமிழ்த் தோட்டத் தொழிலாளிக்கு அதற்கு முன்பே ஒரு நினைவு இருந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச்.நாதன் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தம் அது. சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி கேட்டவர்கள், வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க மாட்டோம் என்பதையும் கோரிக்கையாக வைத்தார்கள். சைக்கிள் கோரிக்கையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். யுத்தத்துக்குப் பிறகு எல்லா இனத்தவரையும் எல்லாத் தொழிலையும் சேர்த்த அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனம் உருவானது. அதன் தலைவராக இருந்தவர் தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்த எஸ்.ஏ.கணபதி.

1948 ஜூனில் ஆங்கிலேய அரசாங்கம் சட்டத்தைத் திருத்தியது. ஒரே மாதிரித் தொழில் செய்யும் சங்கங்கள் மட்டுமே சம்மேளனமாகச் சேரலாம், பொறுப்பில் இருப்பவருக்கு அந்தத் தொழிலில் மூன்று வருட அனுபவம் வேண்டும் என்று வந்தது. பால்மரம் வெட்டுபவரும் துறைமுகத்தில் மூட்டை தூக்குபவரும் ரயில்வே பட்டறையில் வேலை செய்பவரும் ஒரே குடையின் கீழ் இருப்பது சட்டவிரோதமாகிவிட்டது. சில நாட்களில் அவசரகாலமும் வந்தது. கணபதியைத் துப்பாக்கி வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டி 1949 மே 4ஆம் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அதற்கு முந்தைய நாள் அவர் தோழர் பி.வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அதே 1949இல்தான், பிப்ரவரியில், ஆங்கிலேய அரசாங்கத்தின் தொழிற்சங்க ஆலோசகர் ஜான் பிரேசியரின் ஊக்கத்தோடு புதிய சங்கங்களின் பேராளர்கள் கூடினார்கள். இன்றைய காங்கிரசுக்கு அதுதான் தொடக்கம். இந்த இரண்டையும் ஒரே வருடத்தில் வைத்துப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. புதிய காங்கிரசின் முதல் தலைவர் பி.பி.நாராயணனை வெறும் அரசாங்கத்து ஆள் என்று ஒதுக்கிவிடுவோரோடு எனக்கு உடன்பாடு இல்லை. எத்தனையோ சின்னச் சங்கங்களாகச் சிதறிக் கிடந்த தோட்டத் தொழிலாளரை 1954இல் ஒரே தேசியச் சங்கமாகச் சேர்த்தவர்களில் முக்கியமானவர் அவர். 1962இல் மக்சேசே விருது பெற்றார். 1975 முதல் 1992 வரை உலகச் சுதந்திரத் தொழிற்சங்கங்களின் சம்மேளனத்துக்கே தலைவராக இருந்தார். மிதமான பாதையில் போய்த்தான் இருப்பதைக் காப்பாற்ற முடியும் என்று நம்பிய தலைமுறை அது. தூக்குமேடையைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு அந்த நம்பிக்கை வந்ததில் வியப்பில்லை.

அந்தத் தலைமுறைக்கும் நிம்மதி கிடைத்துவிடவில்லை. போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்திலிருந்து வந்து காங்கிரசின் பொதுச்செயலாளராக இருந்த வி.டேவிட்டை 1987இல் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடித்து உள்ளே வைத்தார்கள்.

ஆனால் 1948இல் போட்ட வேலி அப்படியே நின்றது. பல தொழில்களைச் சேர்ந்த சங்கங்கள் ஒன்றாக இருப்பதால் காங்கிரசைத் தொழிற்சங்கமாகப் பதிய முடியவில்லை. பொது அமைப்புகளுக்கான சங்கங்கள் சட்டத்தின் கீழ், ஒரு கோயில் சபை, ஒரு மன்றம் போலத்தான் அது பதிவாகியது. அதனால் அது கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட முடியாது, வேலைநிறுத்தத்துக்கு அழைக்க முடியாது. அந்த உரிமைகளெல்லாம் உறுப்புச் சங்கங்களிடம் மட்டுமே. அரசாங்க ஊழியர்களுக்கு 1957இல் கியூபெக்ஸ் என்று தனி வீடு வேறு அமைந்துவிட்டது. ஒரே தொழில், ஒரே துறை என்ற கட்டுப்பாடு நீங்கியது தொழிற்சங்கத் திருத்தச் சட்டம் 2024 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தபோதுதான். கணபதியின் சம்மேளனத்தைக் கலைக்கப் போட்ட சட்டத்தின் நிழல் ஆங்கிலேயர் போய் அறுபத்தேழு வருடம் நம் மேல் கிடந்திருக்கிறது!

பினாங்குக்காரர்களுக்கு இந்த வேலி இன்னும் நன்றாகத் தெரியும். 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வர்த்தக வட்டாரம் திறந்து எலெக்ட்ரானிக் தொழிற்சாலைகள் வரிசையாக வந்தன. என் சித்தி தோட்டத்திலிருந்து கிளம்பி அங்கே வேலைக்குப் போனவர்களில் ஒருவர். நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து மெல்லிய கம்பியைச் சில்லில் ஒட்டும் வேலை. ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போது வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு வருவார். எலெக்ட்ரிக்கல் தொழிலாளர் சங்கத்தில் சேரலாமா என்றால், எலெக்ட்ரானிக் வேறு, எலெக்ட்ரிக்கல் வேறு, சேர முடியாது என்று பதில். தனியாகச் சங்கம் அமைக்கலாமா என்றால் அதற்கும் அனுமதி இல்லை.

காங்கிரஸ் இந்த விஷயத்தை அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனத்துக்குக் கொண்டுபோனது. அமெரிக்கத் தொழிற்சங்கச் சம்மேளனமும் தன் அரசாங்கத்திடம் மனுக் கொடுத்தது, மலேசியாவுக்குக் கொடுக்கும் வரிச் சலுகையை இதைக் காரணமாக வைத்து மறு ஆய்வு செய்யச் சொல்லி. 1988இல் அப்போதைய தொழிலாளர் அமைச்சர் லீ கிம் சாய், எலெக்ட்ரானிக் தொழிலாளர்கள் சங்கம் அமைக்கலாம் என்று அறிவித்தார். சித்தி வீட்டில் அன்றைக்குப் பாயசம் வைத்ததாகச் சொல்வார். கொஞ்ச நாளிலேயே அது மாறி, தேசியச் சங்கம் கிடையாது, அந்தந்தத் தொழிற்சாலைக்குள்ளே உள்சங்கம் மட்டும்தான் என்று வந்து நின்றது. 2009ஐ ஒட்டித்தான் வட்டார அளவிலான எலெக்ட்ரானிக் சங்கங்களுக்கு வழி திறந்தது. அதற்குள் சித்தி கண்ணாடி மாற்றி மாற்றி வேலையை விட்டே நின்றுவிட்டார்.

வழி திறந்த பிறகும் உள்ளே போவது சுலபம் இல்லை. சங்கம் அங்கீகாரம் கேட்டு முதலாளிக்கு எழுத வேண்டும். அவருக்கு 21 நாள் அவகாசம். மறுத்தால் விஷயம் தொழில்துறை உறவு இலாகாவுக்குப் போய், ரகசிய வாக்கெடுப்பில் முடியும். பினாங்குத் தீவில் ஒரு தொழிற்சாலையில் நடந்த வாக்கெடுப்புக்குச் சங்கத்துக்குத் துணையாகப் போய் நின்றிருந்தேன். கேன்டீனில் மேசைகளை ஒதுக்கி, துணித் திரை கட்டி, நடுவில் பெட்டி. இலாகா அதிகாரி கையில் பெயர்ப் பட்டியல், அதன் மேல் ஒரு மர ஸ்கேல். பெயரைப் படிப்பார், ஆள் வந்தால் கோடு போடுவார், வராவிட்டால் ஸ்கேலைக் கீழே நகர்த்துவார். அந்தப் பட்டியல் சங்கம் அங்கீகாரம் கேட்ட நாளில் எடுத்தது. வாக்கெடுப்பு வருவதற்குள் பர்மிட் முடிந்து நேப்பாளம், வங்காளதேசம் போய்விட்டவர்கள், வேறு வேலைக்குப் போனவர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். அப்போதைய விதிப்படி பட்டியலில் உள்ளவர்களில் பாதிக்கு மேல் சங்கத்துக்கு வாக்களிக்க வேண்டும். அதாவது வராதவர் வாக்கு, வேண்டாம் என்ற வாக்குதான். அதிகாரி முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லாமல் ஸ்கேலை நகர்த்திக்கொண்டே போனார். ஊரிலேயே இல்லாதவர்களின் பெயரால் சங்கம் தோற்றது. வந்து வாக்களித்தவர்களில் சங்கத்தை விரும்பியவர்கள்தான் அதிகம்.

அந்த விதியை எங்கள் கிளை மாற்ற முடியாது. தோற்ற சங்கமும் மாற்ற முடியாது. எத்தனையோ சங்கங்கள் ஒரே இடத்தில் அடிபட்டதைச் சேர்த்து எடுத்துப்போய்ச் சொல்லக் காங்கிரஸ்தான் வேண்டும். 2020ஆம் ஆண்டின் தொழில்துறை உறவுத் திருத்தத்தை ஒட்டி அது மாறிவிட்டது. இப்போது வாக்களிக்க வந்தவர்களில் பெரும்பான்மை போதும். பேப்பரில் உள்பக்கத்தில் ஒரு மூலையில் வந்திருக்கும் செய்தி. அந்த மர ஸ்கேலைப் பார்த்த எனக்கு அதுதான் அந்த வருடத்தின் பெரிய செய்தி.

இனி எனக்கு இருக்கும் வருத்தத்தைச் சொல்கிறேன்.

யூனியன் இல்லாதவருக்குத்தான் காங்கிரஸ் அதிகம் தேவை என்றேன். ஆனால் காங்கிரசுக்குக் காசு கொடுப்பதும், மாநாட்டில் பேராளராகப் போவதும், தலைவரைத் தேர்ந்தெடுப்பதும் யூனியன் உள்ளவர்கள்தான். தங்களிடம் வாக்கு உள்ளவர்களின் குறையைத் தலைவர்கள் முதலில் கேட்பது இயல்பு. பதவிச் சண்டைகள் வரும் வருடங்களில் அதையும் கேட்பதில்லை. உள்சண்டை பேப்பருக்கு வரும்போதெல்லாம் காவல்கார அண்ணன்கள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுவார்கள், எனக்குப் பதில் சொல்ல வராது. ஒருவர் எத்தனை தவணை பதவியில் இருக்கலாம் என்று உறுதியான ஒரு வரம்பு வேண்டும் என்பது என் கருத்து. நம் தமிழ்த் தலைவர்கள் அந்த நாற்காலிகளில் பல காலம் இருந்திருக்கிறார்கள், பெரிய காரியங்களும் செய்திருக்கிறார்கள். அதனால் இதைச் சொல்ல நமக்குக் கூடுதல் உரிமை உண்டு.

அந்நியத் தொழிலாளர் விஷயத்தில் காங்கிரசைப் பாராட்டியே ஆக வேண்டும். அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனத்தின் துணையோடு அவர்களுக்கென்று உதவி மையம் நடத்தியது, பினாங்கிலும் நடத்தியது. "நம்ம வேலையைப் பிடுங்க வந்தவனுக்கு எதுக்கு உதவி?" என்று கேட்கும் நம்மவர்களுக்கு நான் சொல்வது, 2007 மறியலில் நின்ற அண்ணன் சொன்னதையேதான். அவனைக் குறைந்த கூலிக்கு வைத்திருக்க முடியும்வரை உங்கள் கூலி ஏறாது. பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கி வைத்துக்கொள்ளும் இடத்தில் எந்தச் சங்கமும் வளராது.

மோட்டார் சைக்கிள் பையன்களுக்கு 2025இல் நாடாளுமன்றம், நிரந்தர முதலாளி இல்லாமல் ஆப் வழியே வேலை செய்பவர்களுக்கான கிக் தொழிலாளர் சட்டத்தை நிறைவேற்றியது நல்ல தொடக்கம். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இங்கே விடுகிறேன்.

எனக்கு மிக அருகில் இருக்கும் குறை வேறு. என் பெரியம்மா மகள், நான் அக்கா என்று கூப்பிடுபவர், ஓர் அரசுப் பள்ளியில் துப்புரவு வேலை செய்கிறார். ஒன்பது வருடமாக அதே பள்ளி, அதே வாளி, அதே மாடிப்படி. தலைமையாசிரியர்கள் மாறினார்கள், அக்கா மாறவில்லை. மாறியது குத்தகை நிறுவனம். மூன்று வருடக் குத்தகை முடிந்ததும் புதிய நிறுவனம் வரும், பழைய ஆட்களையே எடுத்துக்கொள்ளும், புது நியமனக் கடிதம் கொடுக்கும். அந்தக் கடிதத்தில் அக்கா அன்றைக்குத்தான் வேலைக்கு வந்தவர்.

இதன் கணக்கைப் பாருங்கள். வேலைச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குள் சேவை என்றால் வருட லீவு 8 நாள், இரண்டிலிருந்து ஐந்துக்குள் 12 நாள், ஐந்து வருடம் தாண்டினால் 16 நாள். அக்காவுக்கு 16 நாள் லீவு ஒரு நாளும் வராது, ஐந்து வருடத்தை எட்டுவதற்குள் சேவைக் கணக்கை அழித்துவிடுகிறார்கள். நோய் லீவும் 14, 18, 22 என்று ஏறுவது, அதுவும் அப்படியே. ஆட்குறைப்பு நட்டஈடு இதைவிடக் கொடுமை. 1980ஆம் ஆண்டு விதிமுறைப்படி ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு வருடத்துக்கு 20 நாள் சம்பளம். ஒன்பது வருடத்துக்கு 180 நாள். 1,700 வெள்ளிச் சம்பளத்தில் அது ஏறக்குறைய 10,000 வெள்ளி. மூன்று வருடச் சேவை என்று கணக்குப் போட்டால் வருடத்துக்கு 15 நாள் வீதம் 45 நாள்தான், சுமார் 2,500 வெள்ளி. குத்தகைக் காலம் முடிந்தது, ஆட்குறைப்பு இல்லை என்று சொல்லிவிட்டால் அதற்கும் வழக்காட வேண்டும்.

ஒரு நிறுவனத்தை இன்னொருவர் வாங்கினால், புதிய முதலாளி அதே சலுகைகளோடு வேலை கொடுக்கும்போது பழைய சேவைக் காலம் தொடர்வதற்கு அதே 1980 விதிமுறையில் இடம் இருக்கிறது. குத்தகை கைமாறினால் அது நிறுவனத்தை வாங்கியதாக ஆகாது. அக்கா மாதிரிப் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் வேலை செய்பவர்கள் விழுந்து கிடப்பது இந்த ஓட்டையில்தான். நாட்டிலேயே பெரிய முதலாளியான அரசாங்கத்தின் கட்டடத்துக்குள் இது நடக்கிறது.

இதற்கு எந்தத் தனிச் சங்கமும் மருந்தில்லை. சங்கம் அமைத்தால் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடும், குத்தகை மாறினால் ஒப்பந்தமும் போய்விடும். சட்டத்தில் ஒரு பத்தி சேர்த்தால்தான் தீரும்: பொதுக் கட்டடத்தில் குத்தகை கைமாறினாலும் ஆள் அங்கேயே இருந்தால் அவருடைய சேவைக் காலம் அவரோடு வர வேண்டும், குத்தகை ஆவணத்திலேயே அதை நிபந்தனையாக எழுத வேண்டும். காங்கிரஸ் தன் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்து அடுத்து வைக்க வேண்டிய முதல் கோரிக்கை இதுதான் என்பது என் துணிபு. சம்பளத்தை 1,700லிருந்து மேலே ஏற்றுவது முக்கியம்தான், அதை ஒவ்வொரு இரண்டு வருடமும் சட்டமே நினைவுபடுத்தும். இதை நினைவுபடுத்த யாரும் இல்லை.

இன்னொன்றும் கேட்கிறேன். சங்கம் இல்லாதவரைத் தனி உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ள ஒரு வழியைக் காங்கிரஸ் திறக்கட்டும். சின்னச் சந்தா, மாநாட்டில் கொஞ்சம் பேராளர் இடங்கள், மாநிலக் கிளைகளில் வாரத்தில் ஒரு மாலையாவது தமிழிலும் மலாயிலும் வங்காளத்திலும் சம்பளச் சீட்டைப் படித்துச் சொல்ல ஆள். வேலையை விட்டு நிறுத்தப்பட்டவர்கள் என்னிடம் வருவது பெரும்பாலும் மூன்று மாதம் கழித்து. முறையீடு செய்ய 60 நாள்தான் அவகாசம். வேலைக்குத் திரும்ப எடுக்கச் சொல்லி, அல்லது 24 மாதம் வரை பின்சம்பளம் கொடுக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடக்கூடிய வழக்குகள் அந்த அறுபது நாளைத் தாண்டியதாலேயே வீணாகப் போகின்றன. எங்கே போவது என்று தெரியாததால் வரும் நட்டம் அது.

அக்காவின் இப்போதைய குத்தகை இந்த வருட முடிவோடு முடிகிறது. அவரும் அதே பள்ளியில் வேலை செய்யும் மற்ற அக்காமார்களும் தங்கள் பழைய நியமனக் கடிதங்களையெல்லாம் தேடி எடுத்திருக்கிறார்கள். தேதி வரிசையில் அடுக்கி, நகல் எடுத்து, ஒரு கோரிக்கைக் கடிதத்தோடு காங்கிரசின் பினாங்குக் கிளைக்குக் கொடுக்கப் போகிறோம். உங்களிடமும் அப்படிக் கடிதங்கள் இருந்தால், முதல் வேலை, அவற்றைத் தூக்கிப் போடாதீர்கள்.